லேசர் வெட்டுக்கு ஸ்டென்சில் வரைவது எப்படி: அளவு முதலில், பாலம் பிறகு

பெங்களூரு அல்சூரில் சித்தப்பாவுக்குப் பாத்திர வாடகைக் கடை இருக்கிறது. அண்டா, டிரம், நாற்காலி, மேசை என்று கல்யாண வீட்டுக்கும் காரிய வீட்டுக்கும் போய் வரும் சாமான் எல்லாவற்றிலும் எழுத்து அடிக்க வேண்டும். முன்பெல்லாம் பிரஷ்ஷால் எழுதினார். இப்போது லேசரில் வெட்டிய ஸ்டென்சிலை, அதாவது எழுத்து வடிவில் துளை போட்ட தகட்டை வைத்து ஸ்பிரே அடிக்கிறோம். அந்த ஸ்டென்சில்களை வரைவது என் வேலை.

கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். முதலில் அழகாக வரைகிறார்கள், எழுத்துக்குள் இருக்கும் துண்டு விழாமல் தாங்கும் பாலம் எல்லாம் வைக்கிறார்கள், கடைசியில் தகட்டுக்குள் அடங்கவில்லை என்று மொத்தத்தையும் சுருக்குகிறார்கள். 3 மி.மீ. இருந்த பாலம் 1 மி.மீ. ஆகிவிடும். வெட்டி எடுத்த பிறகு கையில் பிடித்தாலே பிய்ந்துவிடும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். டிரம்மில் அடிக்கும் ‘தண்ணீர்’ என்ற ஒரே சொல்லைக் கடைசி வரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

மென்பொருள் இங்க்ஸ்கேப். இலவசம், தமிழ் யூனிகோடு எழுத்தை ஒழுங்காகக் காட்டும். கோரல் டிரா வைத்திருப்பவர்களுக்கும் இதே படிகள்தான், கட்டளைகளின் பெயர் மட்டும் மாறும்.

1. எங்கே அடிக்கப் போகிறோம் என்று அளந்து வாருங்கள்

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் டேப்பை எடுங்கள். டிரம்மின் வளைந்த பக்கத்தில் நேராக நின்று பார்த்தால் எவ்வளவு அகலம் கண்ணில் படுகிறதோ, அதற்குள்தான் சொல் அடங்க வேண்டும். எங்கள் நீல டிரம்மில் 300 மி.மீ. சரியாக வந்தது. அதைவிட அகலமாக அடித்தால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் பக்கவாட்டில் ஒளிந்துகொள்ளும்.

அப்புறம், எத்தனை அடி தூரத்திலிருந்து படிக்க வேண்டும்? சாப்பாட்டுக் கூடத்தில் தண்ணீர் தேடுகிறவர் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பார். 300 மி.மீ. அகலத்துக்கு எழுத்தின் உடம்பு சுமார் 70 மி.மீ. உயரம் வந்தது. போதும்.

ஸ்டென்சில் தகடு சொல்லைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சுற்றிலும் 4, 5 செ.மீ. விளிம்பு விடுங்கள். ஸ்பிரே ஒருபோதும் துளைக்குள் மட்டும் விழாது, பக்கத்தில் தெறிக்கும். அந்தத் தெறிப்பை வாங்கிக்கொள்ளத்தான் விளிம்பு. ஆக, நம் தகடு 400 × 200 மி.மீ. இந்த இரண்டு எண்ணையும் தாளில் எழுதிவிட்டுத்தான் அடுத்த படி.

2. எந்தத் தகடு

வளைந்த பரப்புக்கு மைலார் என்று கடையில் சொல்லும் பாலியஸ்டர் ஷீட். 190 அல்லது 250 மைக்ரான் கனம் கேளுங்கள். டிரம்மின் மேல் சுற்றிப் படியும், பெயிண்டைத் துடைத்துத் துடைத்துப் பல முறை பயன்படுத்தலாம். ஓ.எச்.பி. ஷீட் 100 மைக்ரான்தான் இருக்கும். ஒரு முறை அடிக்கச் சரி, இரண்டாம் முறை ஓரம் சுருண்டு நிற்கும்.

சமதளமான மேசைப் பலகைக்கு 2 மி.மீ. அக்ரிலிக் அல்லது 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) எடுக்கலாம். அக்ரிலிக் நொறுங்கும் பொருள். மெல்லிய பாலம் வைத்தால் துடைக்கும்போது ‘டக்’ என்று உடையும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சன்போர்டு, ஃபிளெக்ஸ் பேனர், வினைல், ரெக்சின் ஆகியவற்றை லேசருக்குக் கொண்டு போகாதீர்கள். இவை பி.வி.சி. சேர்ந்தவை. லேசர் சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்குக் கெடுதல், மெஷினின் இரும்புப் பாகங்களையும் லென்ஸையும் அரித்துவிடும். வீட்டில் கிடக்கும் பிளாஸ்டிக் அட்டை என்னவென்று தெரியவில்லை என்றால் வெட்டவே வேண்டாம். பொருளின் பெயர் சொல்லி விற்கும் கடையில் புதிதாக வாங்குங்கள்.

எவர்சில்வர் தகட்டில் வேண்டும் என்றால் சாதாரண கார்பன் டை ஆக்சைடு லேசர் வெட்டாது. அதற்கு ஃபைபர் லேசர் வேண்டும். பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் தகட்டு வேலை செய்கிறவர்களிடம் விசாரியுங்கள்.

3. வரைவதற்கு முன் கடையில் கேளுங்கள்

வரைந்து முடித்துவிட்டுக் கடைக்குப் போனால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும். ஒரு போன் போட்டு நான்கு விஷயம் கேளுங்கள்: மெஷினில் தகட்டை வைக்கும் படுகையின் அளவு என்ன, எந்தக் கோப்பு எடுப்பீர்கள், எந்த நிறக் கோட்டை வெட்டாக எடுத்துக்கொள்வீர்கள், என் தகட்டைக் கொண்டு வந்தால் வெட்டுவீர்களா. “அண்ணா, டி.எக்ஸ்.எஃப். ஓகேவா, கோரல் ஃபைல்தான் வேணுமா?” என்று கேட்டால் எந்த மொழிக் கடைக்காரரும் உடனே பதில் சொல்லிவிடுவார். பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைத்தெரு ஆனாலும் வேறெங்கு ஆனாலும் பலருக்கு டி.எக்ஸ்.எஃப். (கோட்டு வரைபடக் கோப்பு வகை) போதும்.

4. கோப்பை மில்லிமீட்டரில் தொடங்குங்கள்

இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல் + ஷிப்ட் + டி அழுத்தினால் ‘டாக்குமெண்ட் ப்ராப்பர்ட்டீஸ்’ வரும். அளவு, காட்சி அலகு இரண்டையும் மி.மீ.க்கு மாற்றுங்கள். பக்கத்தை 400 × 200 என்று வையுங்கள். அதே அளவில் ஒரு செவ்வகம் வரைந்து பூட்டிவிடுங்கள். அதுதான் நம் தகடு.

தகட்டுக்கு வெளியே ஓரமாக 50 × 50 மி.மீ. சதுரம் ஒன்று வரையுங்கள். இதை அளவுச் சதுரம் என்று சொல்வேன். இதன் காரணம் 11-ஆவது படியில் வருகிறது. இப்போது வரைந்துவிடுங்கள், பிறகு மறந்துவிடும்.

5. எழுத்துரு

கனமும் மெலிவும் மாறி மாறி வரும் எழுத்துரு வேண்டாம். கோடு முழுக்க ஏறக்குறைய ஒரே கனத்தில் இருக்க வேண்டும். முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன, ஸ்டென்சிலுக்கு நன்றாக வருகின்றன. அதிலும் ரெகுலர், மீடியம் கனத்தை எடுங்கள். பாலூ தம்பி மாதிரி குண்டான எழுத்தில் சுழிகளுக்குள் இருக்கும் வெற்றிடம் மிளகு அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த மிளகைப் பாலம் வைத்துத் தாங்குவது பெரும்பாடு.

புள்ளியைக் கவனியுங்கள். சில எழுத்துருக்களில் மெய்யெழுத்தின் புள்ளி உள்ளே வெற்றிடம் உள்ள வளையமாக இருக்கும். அதை அழித்துவிட்டு நிறைந்த வட்டமாகப் போடுங்கள். நிறைந்த புள்ளி வெறும் துளை, அதற்குப் பாலமே தேவையில்லை.

எழுத்துக்களுக்கு இடையே இடைவெளியை வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டுங்கள். அச்சுக்கு நெருக்கம் அழகு. ஸ்டென்சிலில் இரண்டு எழுத்துக்கு நடுவே நிற்கும் தகட்டுப் பட்டைதான் மொத்தத்தையும் தாங்குகிறது.

6. எழுத்தைப் பாதையாக்கி, ஒன்றாக்குங்கள்

சொல்லைத் தட்டச்சு செய்து, 300 மி.மீ. அகலத்துக்குக் கொண்டுவந்து, எழுத்துப் பிழை பார்த்துவிட்டு, ஒரு பிரதி எடுத்துத் தனி அடுக்கில் (லேயர்) மறைத்து வையுங்கள். பிறகு ‘பாத்’ மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’, அதாவது கண்ட்ரோல் + ஷிப்ட் + சி. கோரலில் இது கண்ட்ரோல் + க்யூ.

ஏன் மாற்ற வேண்டும்? கடைக்காரர் கம்ப்யூட்டரில் உங்கள் தமிழ் எழுத்துரு இருக்காது. பழைய மென்பொருளாக இருந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து சிதறும். பாமினி போன்ற பழைய குறியீட்டில் தட்டச்சு செய்தவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பாதையாக மாற்றிய பிறகு அது வெறும் கோடு, எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒன்றுபோலவே நிற்கும்.

மாற்றியதும் எல்லாம் ஒரு குழுவாக இருக்கும். கண்ட்ரோல் + ஷிப்ட் + ஜி கொடுத்துக் குழுவைப் பிரியுங்கள். அதன் பின் ‘யூனியன்’ கொடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சில எழுத்துருக்களில் எழுத்தின் பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். திரையில் கறுப்பாக நிரப்பியிருக்கும்போது தெரியாது. லேசருக்கு நிரப்பல் தெரியாது, கோடு மட்டும்தான் தெரியும். ஏறிக் கிடக்கும் ஒவ்வொரு கோட்டையும் வெட்டும். ‘யூனியன்’ கொடுத்தால் வெளிக்கோடு மட்டும் மிஞ்சும்.

படத்தை வைத்து ‘ட்ரேஸ்’ செய்யலாமே என்று கேட்பார்கள். எழுத்துக்கு வேண்டாம். ட்ரேஸ் செய்தால் கோடு நெடுகப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் வரும், வெட்டின ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும். பழைய கடைப் பலகையின் போட்டோ ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால், அதைக் கீழே வைத்துப் பென் கருவியால் மேலே வரைவது நல்லது. நேரம் ஆகும், ஆனாலும் வெட்டு சுத்தமாக இருக்கும்.

7. எறும்பை நடக்க விடுங்கள்

ஸ்டென்சிலில் எழுத்து என்பது துளை. எழுத்துக்குள் மூடிய வெற்றிடம் இருந்தால் அந்தத் துண்டு வெட்டியவுடன் கீழே விழுந்துவிடும். இதைத் தீவு என்கிறோம். த, க, ச மூன்றின் இடப்பக்கப் பெட்டி, ம, ழ இரண்டின் மூடிய வளைவு, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பின் சுழி, இவையெல்லாம் தீவுகள்.

தீவைக் கண்டுபிடிக்க நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி இது. தகட்டின் மூலையில் ஓர் எறும்பை விடுங்கள். அது துளையைத் தாண்டாமல், தகட்டின் மேலேயே நடந்து எங்கெல்லாம் போக முடியும்? போக முடியாத ஒவ்வோர் இடமும் தீவு. ‘தண்ணீர்’ என்ற சொல்லில், நான் எடுத்த எழுத்துருவில், எறும்பு நான்கு இடத்துக்குப் போக முடியவில்லை: த-வின் பெட்டி, ண்-ணின் முதல் சுழி, ணீ-யின் முதல் சுழி, அதன் மேல்விலங்கில் (மேலே வரும் ஈகாரக் குறி) இருக்கும் சுழி.

இத்தோடு நிறுத்தக் கூடாது. எறும்பு போக முடிகிற இடத்திலும் ஆபத்து உண்டு. ப என்ற எழுத்தைப் பாருங்கள். மேலே திறந்திருக்கிறது, எறும்பு தாராளமாக உள்ளே போகும். ஆனால் உள்ளே இருக்கும் தகடு மேல்பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு நாக்கு மாதிரி தொங்குகிறது. ஸ்பிரேயின் காற்று பட்டால் தூக்கும், அடியில் பெயிண்ட் ஊறும். ண-வின் வளைவுகளுக்கு அடியிலும், ர-வின் கால்களுக்கு நடுவிலும் இதே நாக்குதான். நாக்கு அதன் அகலத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நீளமாக இருந்தால் அதன் நுனியில் ஒரு பாலம் போட்டுவிடுங்கள்.

8. பாலம் போடுதல்

இந்த வேலையில் அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இதுதான். அவசரப்படாதீர்கள்.

*எத்தனை.* சின்னத் தீவுக்குக் குறைந்தது இரண்டு, எதிரெதிர்ப் பக்கத்தில். ஒன்றே ஒன்று வைத்தால் தீவு கதவு மாதிரி ஆடும். உள்ளங்கை அளவு பெரிய தீவு என்றால் மூன்று அல்லது நான்கு.

*எவ்வளவு அகலம்.* 190 மைக்ரான் மைலாருக்கு நான் வைக்கும் கணக்கு: எழுத்து 30 மி.மீ. உயரம் என்றால் பாலம் 1.5 மி.மீ., 70 மி.மீ.க்கு 3 மி.மீ., 200 மி.மீ.க்கு 5 மி.மீ. சாக்கடையின் மேல் பலகை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சாக்கடை அகலமாக அகலமாகப் பலகையும் கெட்டியாக வேண்டும். எழுத்தின் கோடுதான் சாக்கடை. குண்டு எழுத்தில் பாலம் நீளமாகும், அதனால் அகலத்தையும் கூட்ட வேண்டும்.

இதில் லேசர் தின்னும் பங்கையும் சேருங்கள். லேசர் கதிர் கோட்டின் மேலேயே ஓடி, இரண்டு பக்கமும் கொஞ்சம் எரிக்கும். அக்ரிலிக்கில் இந்த வெட்டு அகலம் சுமார் 0.2 மி.மீ. இருக்கும். பாலத்தின் இரு ஓரமும் பாதிப் பாதி போவதால் 2 மி.மீ. பாலம் 1.8 ஆகத்தான் கைக்கு வரும். பெரிய எழுத்துக்குப் பரவாயில்லை. 1 மி.மீ. பாலம் வைத்தவருக்கு ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

*எங்கே.* கோட்டின் நேரான பகுதியில், கோட்டுக்குக் குறுக்காக, செங்குத்தாக. வளைவில் வைக்காதீர்கள். ஒரு காரணம் பலம்: வளைவில் பாலத்தின் ஒரு ஓரம் குட்டையாகவும் மறு ஓரம் நெட்டையாகவும் அமைந்து, குட்டைப் பக்கம் கிழியத் தொடங்கும். அதைவிடப் பெரிய காரணம் தமிழ் எழுத்து. நம் எழுத்துக்களை அடையாளம் காட்டுவது வளைவும் சுழியும் வாலும்தான்.

முதன்முதலில் இந்தச் சொல்லை வெட்டியபோது த-வின் வால் தொடங்கும் இடத்தில் ஒரு பாலம் போட்டிருந்தேன். வால் தனியாகக் கீழே நின்றது. டிரம்மில் அடித்ததும் சித்தப்பா இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தார். “என்னடா, ‘சண்ணீர்’னு இருக்கு?” என்றார். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு அதுவரை ‘தண்ணீர்’ என்றுதான் தெரிந்தது. வாலை வெட்டினால் த, ச ஆகத் தெரியும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதிலிருந்து ஒரு பட்டியலை மனதில் வைத்திருக்கிறேன். த-வின் வாலை வெட்டாதே. ழ-வின் வாலை வெட்டாதே, ம ஆகிவிடும். ர-வின் கீழ்ச் சாய்கோட்டை வெட்டாதே, துணைக்காலாகிவிடும். ண-வின் நடு வளைவில் பாலம் வைக்காதே, மூன்று சுழி இரண்டு சுழியாகத் தெரியும். பாலத்தை மேல்கோட்டிலும் நிமிர்ந்த கால்களிலும் வையுங்கள். அங்கே இடைவெளி விழுந்தாலும் கண் தானாக நிரப்பிக்கொள்ளும்.

*எப்படி.* ஒரு செவ்வகம் வரையுங்கள். அகலம் 3 மி.மீ., நீளம் கோட்டின் கனத்தைவிடச் சற்று அதிகம். அதைப் பிரதி எடுத்துப் பாலம் வேண்டிய இடங்களில் எல்லாம் குறுக்கே வையுங்கள். சாய்ந்த கோட்டுக்குச் செவ்வகத்தைச் சாய்த்துக்கொள்ளுங்கள். எல்லாச் செவ்வகத்தையும் தேர்ந்தெடுத்து ‘யூனியன்’ கொடுத்து ஒன்றாக்குங்கள். பிறகு எழுத்தையும் அதையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ‘டிஃபரன்ஸ்’. மேலே இருப்பது கீழே இருப்பதிலிருந்து கழியும், ஆகவே பாலங்கள் மேலே இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் எழுத்து மறைந்து பாலத்தின் முனைகள் மட்டும் மிஞ்சும். அப்படி நடந்தால் கண்ட்ரோல் + இசட், பாலங்களை மேலே கொண்டுவந்து மறுபடி.

கழிக்கும் முன் செவ்வகங்களின் பிரதியையும் தனி அடுக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு பாலத்தை நகர்த்த வேண்டி வந்தால், ஆறாம் படியில் மறைத்து வைத்த பிரதியும் இதுவும் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

இதற்குப் பிறகு அளவை மாற்றவே கூடாது. வேறு அளவில் இன்னொரு ஸ்டென்சில் வேண்டும் என்றால் மறைத்து வைத்த சொல்லை எடுத்து, அளவு மாற்றி, பாலத்தைப் புதிதாகப் போடுங்கள்.

9. நெருக்கமும் கூர்முனையும்

எழுத்துக்கும் அதன் புள்ளிக்கும் நடுவே எவ்வளவு தகடு நிற்கிறது என்று அளந்து பாருங்கள். பல எழுத்துருக்களில் ர் என்ற எழுத்தின் புள்ளி தலையை ஒட்டி உட்கார்ந்திருக்கும். அந்த இடைவெளி பாலத்தின் அகலத்தைவிடக் குறைவாக இருந்தால் புள்ளியை மேலே ஏற்றுங்கள். ‘தண்ணீர்’ சொல்லில் ண் புள்ளிக்கும் ணீ-யின் மேல்விலங்குக்கும் நடுவிலும் இதே சிக்கல் வந்தது. புள்ளியை 2 மி.மீ. இடப்பக்கம் தள்ளியதும் சரியாகிவிட்டது.

தகட்டின் கூரான உள்மூலைகளை நோடு கருவியால் (கோட்டின் புள்ளிகளை நகர்த்தும் கருவி) லேசாக வளைத்துவிடுங்கள். கிழிசல் எப்போதும் கூர்மூலையில்தான் பிறக்கும்.

10. கோலம் வரைகிறவர்களுக்கு

மார்கழி நெருங்கினால் “சிக்குக் கோலத்துக்கு ஒரு ஸ்டென்சில் போட்டுக்கொடு” என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். சிக்குக் கோலத்தின் கோட்டை அப்படியே வெட்டினால் என்ன ஆகும் என்று எறும்பிடம் கேளுங்கள். கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைத்து மூடிக்கொண்டே போகிறது. உள்ளே இருக்கும் அத்தனை கட்டமும் தீவு. பாலம் போட்டால் கோலத்தைவிடப் பாலம் அதிகமாகிவிடும்.

இதற்குப் பதில் கடைத்தெருவில் விற்கும் தகரக் கோலத் தட்டிலேயே இருக்கிறது. கோட்டை வெட்டாமல், கோடு போகும் வழி நெடுகத் துளை போட்டிருப்பார்கள். துளைக்கும் துளைக்கும் நடுவே உள்ள தகடுதான் பாலம். இங்க்ஸ்கேப்பில் கோலக் கோட்டை ஒற்றைக் கோடாக வரைந்து, 3 மி.மீ. வட்டத்தை அதன் வழியில் இரண்டரை மி.மீ. இடைவெளி விட்டு வரிசையாக வையுங்கள். கோடு தன்னையே குறுக்கே வெட்டும் இடங்களில் துளைகள் நெருங்கிவிடும். அங்கே ஒன்றிரண்டை அழித்துவிடுங்கள். மாவு நன்றாகச் சலித்ததாக இருந்தால் 3 மி.மீ. துளையில் இறங்கும், கொரகொரப்பான கோலப்பொடிக்குத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

11. கோடு, நிறம், கோப்பு

நிரப்பலை எடுத்துவிட்டுக் கோட்டை மட்டும் வையுங்கள். கண்ட்ரோல் + ஷிப்ட் + எஃப்: ‘ஃபில்’ இல்லை, ‘ஸ்ட்ரோக்’ 0.1 மி.மீ. எழுத்தின் வெட்டுக்கு ஒரு நிறம், தகட்டின் வெளி விளிம்புக்கு வேறு நிறம். லேசர் மென்பொருள்கள் நிறத்தை வைத்துத்தான் எதை முதலில் வெட்டுவது என்று பிரிக்கின்றன. உள்ளே இருப்பவை முதலில், வெளி விளிம்பு கடைசியில். விளிம்பை முதலில் வெட்டிவிட்டால் ஷீட் படுகையில் நகரும், எழுத்து கோணலாக விழும்.

‘வியூ’ மெனுவில் ‘அவுட்லைன்’ காட்சிக்குப் போய் ஒரு முறை முழுக்கப் பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு கோடு கிடந்தால் லேசர் இரண்டு முறை ஓடும், மைலார் உருகி ஓரம் தடித்துப்போகும். சந்தேகமான கோட்டைச் சற்று நகர்த்திப் பார்த்தால் அடியில் இன்னொன்று இருப்பது தெரிந்துவிடும். மறைத்து வைத்த பிரதிகளை அனுப்பும் கோப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். சில மென்பொருள் மறைத்ததையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்.

பிறகு ‘சேவ் அஸ்’ கொடுத்து டி.எக்ஸ்.எஃப். ஆர்14 எடுங்கள். அலகு மி.மீ. என்று இருக்கிறதா என்று அந்தப் பெட்டியிலேயே பாருங்கள்.

இப்போது அளவுச் சதுரம். இங்க்ஸ்கேப் 0.92 பதிப்பிலிருந்து ஓர் அங்குலத்தை 96 புள்ளியாக எண்ணுகிறது. அதற்கு முன் 90. இல்லஸ்ட்ரேட்டர் என்ற இன்னொரு வரையும் மென்பொருள் 72 என்று எண்ணும். எஸ்.வி.ஜி. கோப்பு (இங்க்ஸ்கேப் வழக்கமாகச் சேமிக்கும் வகை) ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இந்தக் கணக்கு மாறி, படம் சத்தமில்லாமல் பெரிதாகவோ சின்னதாகவோ ஆகிவிடும். ஒரு தடவை 300 மி.மீ. சொல் 400 மி.மீ. ஆக வெட்டப்பட்டுக் கைக்கு வந்தது. 96-ஐ 72-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே கணக்குத்தான். கடைக்காரர் மேல் தவறே இல்லை. சரிபார்க்க ஒரு வழியும் நான் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து எல்லாக் கோப்பிலும் 50 மி.மீ. சதுரம் இருக்கும். கடையில் கோப்பைத் திறந்ததும் “அந்தச் சதுரம் அம்பது இருக்கா பாருங்கண்ணா” என்பேன். 50 என்றால், சதுரத்தை அழித்துவிட்டு வெட்டலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். திரையைப் படம் பிடித்து அனுப்பினால் அதை வைத்து யாரும் வெட்ட முடியாது.

12. காகிதத்தில் ஒரு முறை

கடைக்குப் போகும் முன் நூறு சதவீத அளவில் அச்சடியுங்கள். பிரிண்டர் அமைப்பில் ‘ஃபிட் டு பேஜ்’ அணைந்திருக்க வேண்டும். ஏ4 தாளில் அடங்காவிட்டால் இரண்டாக அச்சடித்து ஒட்டுங்கள். பிளேடால் எழுத்தை வெட்டி எடுத்து, டிரம்மில் செல்லோடேப்பால் ஒட்டி, பத்து அடி தள்ளி நின்று படியுங்கள். முடிந்தால் அந்தச் சொல் என்னவென்று தெரியாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண் தான் எழுதியதைத்தான் படிக்கும். ‘சண்ணீர்’ கதை இந்தப் படியிலேயே தெரிந்திருக்க வேண்டியது.

காகிதத்தைக் கையில் தூக்கிப் பிடித்து ஊதியும் பாருங்கள். எந்த இடம் படபடக்கிறதோ அங்கே இன்னொரு பாலம் வேண்டும்.

13. கடையில்

முழுதாக வெட்டுவதற்கு முன் ஷீட்டின் ஓரத்தில் ஒரே ஒரு புள்ளியையும் ஒரு பாலத்தையும் சோதனை வெட்டு போடச் சொல்லுங்கள். கட்டணம் பெரும்பாலும் மெஷின் ஓடும் நிமிடத்துக்குத்தான், இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. துண்டு தானாக விழுந்தால் சக்தி சரி. ஓரம் மஞ்சளாகி உருண்டு திரண்டிருந்தால் சூடு அதிகம், வேகத்தைக் கூட்டச் சொல்லுங்கள். மைலார் லேசாக இருப்பதால் காற்றில் தூக்கும். நான்கு மூலையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வெட்டினால் நகராது.

வெட்டிய ஷீட்டை விழுந்த துண்டுகளோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். துண்டுகளைக் கடையிலேயே எண்ணிப் பாருங்கள். ஏதாவது பாதி ஒட்டிக்கொண்டிருந்தால் கையால் பிய்க்க வேண்டாம், பாலமும் சேர்ந்து கிழியும். பிளேடால் வெட்டி எடுங்கள்.

14. முதல் ஸ்பிரே

நீல டிரம் பெரும்பாலும் எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக். அதில் பெயிண்ட் எளிதில் ஒட்டாது. எழுத்து வரும் இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, காயவிட்டு அடியுங்கள். ஸ்டென்சிலை நன்றாகப் படியவைத்து டேப் ஒட்டி, ஒரு சாண் தள்ளி நின்று, மெல்லிசாக மூன்று தடவை. ஒரே தடவையில் நிறைய அடித்தால் பாலத்துக்கு அடியில் பெயிண்ட் ஒழுகும், நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட ஓரமெல்லாம் மங்கிவிடும். டப்பாவைப் பரப்புக்கு நேர் எதிரே பிடியுங்கள், சாய்த்துப் பிடித்தால் காற்று தகட்டுக்கு அடியில் நுழையும்.

பெயிண்ட் ஈரம் அடங்கியதும் ஸ்டென்சிலை ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்து எடுங்கள். அதைச் சமமான பலகையில் விரித்து, துணியால் பாலங்களின் போக்கிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே இழுக்கக் கூடாது. சுருட்டி வைக்காதீர்கள். இரண்டு அட்டைக்கு நடுவே படுக்க வைத்தால் அடுத்த முகூர்த்தத்துக்கும் அதே ஸ்டென்சில் தட்டையாகவே இருக்கும்.